படகோட்டின்னா எந்தப் படகு? நேத்ரா குமணனின் 35-ம் 21-ம்

தமிழ்ச் செய்திகளில் "படகுப் போட்டி" என்று ஒரே சொல்லை ரெண்டு விளையாட்டுக்குப் போடுறாங்க. ஒண்ணு துடுப்பு வலிக்கிற போட்டி. இன்னொண்ணு பாய் கட்டி ஓட்டுற போட்டி. ரெண்டிலும் ஜெயிக்கிறவங்களைப் "படகோட்டி" என்றே எழுதிவிடுகிறோம். இந்தக் குழப்பம் கொஞ்சம் கெடுதலானது. ஏன்னா ஒரு விளையாட்டில் 21-வது இடம் என்றால் என்ன அர்த்தம் என்று புரியணும்னா, அந்த விளையாட்டு எப்படி நடக்குதுன்னு முதலில் தெரியணும்.

இந்தப் பதிவு சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணனைப் பற்றியது. ஒலிம்பிக்ஸ் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் 35-வது இடம், பாரிஸில் 21-வது இடம். பதக்கம் இல்லை. "35-ஆவதா? சரி, விடு" என்று நம்மில் பலர் கடந்து போயிருப்போம். அந்த ரெண்டு எண்ணுக்கு நடுவே என்ன இருக்கு என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

துடுப்பு வேறு, பாய் வேறு

துடுப்புப் போட்டி நேர்கோட்டு விளையாட்டு. 2000 மீட்டர் நீளம், ஒவ்வொரு படகுக்கும் தனிப்பாதை, அசையாத தண்ணீர். ஓட்டுபவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலிப்பார். ஒற்றையர் படகு சுமார் 8 மீட்டர் நீளம், எடை 14 கிலோதான். ஏழெட்டு நிமிஷத்தில் ஆட்டம் முடிஞ்சிடும். முதலில் கோட்டைத் தொட்டவர் ஜெயித்தார், அவ்வளவுதான். பார்க்கிறவருக்கு விளக்கமே வேண்டாம்.

சென்னைக்கு இந்த விளையாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அடையாற்றங்கரையில் இருக்கிற மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கியது. ஆனா இந்தியப் பெண்களுக்கு இதில் வாய்ப்பு ரொம்பத் தாமதமாத்தான் வந்தது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஒடிசாவின் பிரதிமா புஹானாவும் பிரமிளா பிரவா மின்ஸும் இரட்டையர் பிரிவில் வெண்கலம் வாங்கினாங்க. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் அனிதா, நாராயணா கொங்கனபள்ளியுடன் கலப்பு இரட்டையரில் துடுப்பு வலித்தார். ஒலிம்பிக்ஸ் துடுப்புப் போட்டிக்கு மட்டும், பாரிஸ் வரைக்கும், ஒரு இந்தியப் பெண்ணும் போகவில்லை.

பாய்மரத்தில் அந்தக் கதவைத் திறந்தவர் நேத்ரா. அவருக்கு முன்னால் இந்தியாவிலிருந்து ஒலிம்பிக்ஸில் பாய்மரப் படகு ஓட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள்.

கோடை முகாமில் தொடங்கியது

நேத்ரா 1997 ஆகஸ்டில் பிறந்தவர். 2009-இல் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய கோடை முகாமில் சேர்ந்தார். பரதநாட்டியமும் கற்றுக்கொண்டிருந்தவர். மற்ற பிள்ளைகளுக்கு நீச்சல், செஸ் மாதிரி, லீவு நாளைக் கழிக்க ஒரு வகுப்பு. அது அவரை விடவில்லை.

2014-இல் 17 வயதில் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. நடுவில் எஸ்.ஆர்.எம்.மில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். 2020 ஜனவரியில் மயாமி உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம். பாய்மர உலகக் கோப்பையில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2021 ஏப்ரலில் ஓமனின் முஸன்னாவில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியில் டோக்கியோவுக்கான இடம் கிடைத்தது.

அவர் ஓட்டும் படகின் பெயர் இல்கா 6. முன்பு லேசர் ரேடியல் என்பார்கள். டோக்கியோ வரைக்கும் அந்தப் பெயர்தான். ஒரே ஆள் ஓட்டும் படகு. நீளம் சுமார் 4.2 மீட்டர், கூட்டின் எடை 60 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, ஒரே பாய், அதன் பரப்பு 5.76 சதுர மீட்டர். 2008 பெய்ஜிங் முதல் பெண்கள் தனிநபர் பிரிவுக்கு இதுதான் படகு.

இதில் ஒரு முக்கியமான விஷயம். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே அச்சு. ஒலிம்பிக்ஸில் படகைப் போட்டி நடத்துறவங்களே கொடுத்துடுறாங்க. காசு இருக்கிறவர் வேகமான படகு வாங்கிட்டு வர முடியாது. அப்போ வித்தியாசம் எங்கிருந்து வருது? இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு எதிரே எப்படிப் போவது

காற்று முதுகில் அடித்தால் படகு முன்னால் போகும் என்பது யாருக்கும் புரியும். ஆனா போட்டியின் முதல் கட்டமே காற்றுக்கு எதிர்த் திசையில்தான். நேராகப் போக முடியாது. நேராகத் திருப்பினால் பாய் படபடன்னு அடிச்சிட்டு படகு நின்னுடும். காற்றுக்குச் சுமார் 45 டிகிரி சாய்வாகத்தான் போக முடியும். கொஞ்ச தூரம் வலப்பக்கச் சாய்வு, பிறகு திருப்பி இடப்பக்கச் சாய்வு. இப்படி வளைந்து வளைந்து ஏறணும். எதிரே ஒரு கிலோமீட்டரில் இருக்கும் மிதவைக்குப் போக, ஓடுகிற தூரம் சுமார் 1.4 கிலோமீட்டர்.

சாய்வாகப் போனாலும் காற்று படகைப் பக்கவாட்டில்தானே தள்ளணும்? அதைத் தடுக்கத்தான் படகின் நடுவில் ஒரு பிளவு வழியாகத் தண்ணீருக்குள் ஒரு பலகை இறங்கியிருக்கும். பாய் ஒரு பக்கம் தள்ள, தண்ணீருக்குள் இருக்கும் பலகை பக்கவாட்டில் போக விடாது. பழுத்த வேப்பம்பழத்தை ரெண்டு விரலால் அமுக்கினால் கொட்டை முன்னால் தெறிக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி படகு முன்னால் நழுவும்.

இப்போ உடம்புக் கணக்கு. மணிக்கு 29 கிலோமீட்டர் காற்று அந்தப் பாயில் அடித்தால், தோராயமாக 20 கிலோ எடையை மரத்தின் பாதி உயரத்தில் கட்டிப் பக்கவாட்டில் இழுக்கிற மாதிரி. காற்றின் வேகம் ரெண்டு மடங்கு ஆனால் விசை நாலு மடங்கு. படகு கவிழாமல் இருக்க ஒரே வழி, ஓட்டுபவர் தன் உடம்பை மறுபக்கம் வெளியே தொங்கவிடுவது. படகுக்குள் ஒரு பட்டையில் பாதத்தை மாட்டி, தொடையை விளிம்பில் வைத்து, முதுகைத் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு கிடக்கணும். சுவரில் சாய்ந்து நாற்காலியில் இருக்கிற மாதிரி, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிமிஷத்தில் தொடை நடுங்கும். இவர்கள் அதைவிடக் கடினமான ஒன்றைச் செய்துகொண்டே சுக்கானைப் பிடித்து, பாயின் கயிறை இழுத்து, எதிரே வரும் அலையையும் பக்கத்துப் படகையும் பார்க்கணும். ஒரு ஓட்டம் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ரெண்டு ஓட்டம்.

நாற்பது படகு, ஒரே கோடு

ஒரு போட்டிப் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவில் கற்பனைக் கோடு. அதுதான் தொடக்கக் கோடு. ஐந்து நிமிஷம் முன்னால் முதல் சைகை, பிறகு நாலு நிமிஷம், ஒரு நிமிஷம், பூஜ்யம். அந்தப் பூஜ்ய நொடியில் நாற்பதுக்கு மேற்பட்ட படகுகளும் அந்தக் கோட்டை முழு வேகத்தில் தாண்டணும்னு முட்டி மோதும். ஒரு நொடி முந்தினால் தண்டனை. ஒரு நொடி பிந்தினால் அதைவிடப் பெரிய தண்டனை ஒண்ணு இருக்கு: கெட்ட காற்று.

முன்னால் போகிற படகின் பாயில் பட்டு வருகிற காற்று கலங்கி, வலு குறைந்துபோயிருக்கும். பஸ்ஸுக்குப் பின்னால் சைக்கிளில் போனால் காற்று மாறுமே, அதேதான், ஆனா இங்கே அந்தக் காற்றுதான் எரிபொருள். முதல் வரிசையில் புறப்பட்டவருக்குச் சுத்தமான காற்று. அவர் இன்னும் வேகமா போவார். பின்தங்கியவருக்குக் கலங்கல் காற்று. அவர் இன்னும் பின்தங்குவார். வெளியே வர வேறு பக்கம் திருப்பணும். அந்தப் பக்கம் காற்று நல்லா இருக்குமா என்பது வேறு கதை. நடுவில் கரையிலிருந்து பயிற்சியாளர் எதுவும் சொல்லக் கூடாது. விதியை மீறி இன்னொரு படகுக்கு இடைஞ்சல் செய்தால், அங்கேயே ரெண்டு முழுச் சுற்று சுற்றித் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கணும்.

மதிப்பெண் தலைகீழ். முதலில் வந்தவருக்கு 1, பத்தாவதுக்கு 10. குறைந்த கூட்டுத்தொகை உள்ளவர் ஜெயிப்பார். ஒவ்வொருவருக்கும் மோசமான ஒரு ஓட்டத்தைக் கழித்துவிடுவார்கள். 44 படகு ஓடுகிற போட்டியில் முன்கூட்டிப் புறப்பட்டு நீக்கப்பட்டால் 45 மதிப்பெண் தலையில் விழும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். அ என்பவரின் ஐந்து ஓட்டங்கள்: 1, 2, 25, 1, 28. ஆ என்பவரின் ஐந்து: 5, 6, 7, 5, 6. மோசமானதைக் கழித்தால் அ-வுக்கு 29, ஆ-வுக்கு 22. மூணு ஓட்டத்தில் அசத்திய அ தோற்றார். ஒரு ஓட்டம்கூட ஜெயிக்காத ஆ முந்திவிட்டார். இந்த விளையாட்டு திறமையைவிடச் சொதப்பாமல் இருப்பதை அதிகமா அளக்குது. எல்லா ஓட்டமும் முடிந்து முதல் பத்து பேர் மட்டும் பதக்க ஓட்டத்துக்குப் போவார்கள். அதில் மதிப்பெண் ரெட்டிப்பு, அதைக் கழிக்கவும் முடியாது.

தனியாகக் கற்க முடியாத விளையாட்டு

முன்னால் விட்ட கேள்விக்கு வருவோம். படகு எல்லாருக்கும் ஒண்ணு. அப்போ வித்தியாசம் எங்கே?

மாரத்தான்காரர் ஒரு ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு தனியாகப் பயிற்சி செய்யலாம். துடுப்பு வலிக்கிறவருக்கும் 2000 மீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு எண் இருக்கு. பாய்மரத்தில் அப்படி எண் இல்லை. இன்றைய காற்று நேற்றைய காற்று இல்லையே. "நான் வேகமா போறேனா?" என்ற கேள்விக்கு ஒரே பதில், பக்கத்தில் போகிற படகு. அது உங்களைவிட மெல்ல நகர்ந்து முன்னால் போகுதா, பின்னால் வருதா? அதைப் பார்த்துக் கயிறை ஒரு விரல் அளவு தளர்த்தணும், உடம்பை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளணும். நாற்பது படகு நெருக்கியடிக்கிற தொடக்கக் கோட்டையும், கெட்ட காற்றிலிருந்து தப்பி வருவதையும் தனியாகப் பழகவே முடியாது. கூட்டம் வேணும். அதுவும் உங்களைவிடக் கெட்டிக்காரக் கூட்டம்.

நேத்ராவுக்குச் சென்னையில் இல்லாமல் போனது அதுதான். கடல் இருந்தது, காற்று இருந்தது, படகும் இருந்தது. ஒலிம்பிக்ஸ் அளவில் அதே படகை ஓட்டுகிற இருபது முப்பது பெண்கள் பக்கத்தில் இல்லை. அதனால்தான் ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவுக்குப் போய், ஹங்கேரிக்காரரான தமாஷ் எசெஷிடம் பயிற்சி எடுத்தார். குளிர்காலத்தில் ஐரோப்பியப் படகோட்டிகள் கூடுகிற இடம் அது. ஒரு டென்மார்க் பெண்ணுக்கோ நெதர்லாந்துப் பெண்ணுக்கோ அந்தக் கூட்டம் சிறு வயதிலிருந்தே கிடைக்குது. டோக்கியோவில் தங்கம் வாங்கிய டென்மார்க்கின் ஆன்-மரீ ரிண்டம் பாரிஸில் வெள்ளி. டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய நெதர்லாந்தின் மரிட் பவ்மீஸ்டர் பாரிஸில் தங்கம். அதே ஆட்கள், இடம் மட்டும் மாறியிருக்கு. அந்த வட்டத்துக்குள் வெளியிலிருந்து நுழைவதுதான் நேத்ரா எடுத்துக்கொண்ட வேலை.

35-லிருந்து 21

டோக்கியோ, 2021 ஜூலை. போட்டி நடந்தது எனோஷிமா கடலில். 44 படகில் நேத்ரா 35-வது. அந்த முறை இந்தியா முதல் தடவையாக ஒரே ஒலிம்பிக்ஸில் மூணு பாய்மரப் பிரிவுகளில் இறங்கியது. நேத்ராவோடு விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் என மொத்தம் நாலு பேர். நாலு பேருமே தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள்.

பாரிஸுக்கான வழி அவ்வளவு நேராக இல்லை. ஆசிய அளவில் இடம் கிடைக்காமல், 2024 ஏப்ரலில் பிரான்ஸின் இயேர் நகரில் நடந்த கடைசி வாய்ப்புப் போட்டிவரை போக வேண்டியிருந்தது. அங்கே மொத்தத்தில் ஐந்தாவது. பாய்மரத்தில் வளர்ந்துவரும் நாடுகளுக்கு என்று ஒதுக்கிய இடம் அவருக்குக் கிடைத்தது. அன்றைக்கு ஒரு ஓட்டத்தில் சொதப்பியிருந்தால் இந்தப் பதிவில் 21 என்ற எண்ணே வந்திருக்காது.

பாரிஸ் ஒலிம்பிக்ஸின் பாய்மரப் போட்டிகள் மார்செய் கடலில். 43 படகுகள். முதல் ஓட்டத்திலேயே நேத்ரா 6-வதாக வந்தார். உலகத்தில் இந்தப் படகை ஓட்டுகிறவர்களில் ஆறாவதாக, ஒரு மதிய நேரத்துக்கு, சென்னைப் பெண் ஒருவர் இருந்தார். பிறகு வந்த ஓட்டங்களில் அதைத் தக்கவைக்க முடியவில்லை. மேலே போட்ட அ, ஆ கணக்கு இங்கே வேலை செய்யுது. முடிவில் 21.

43 பேரில் நடு ஆள் 22-வது ஆள். அதாவது நேத்ரா மேல் பாதியில் முடித்தார். டோக்கியோவில் அவருக்குப் பின்னால் 9 படகு. பாரிஸில் 22 படகு. மூணு வருஷத்தில் கீழ்க் கால்வாசிப் பக்கமிருந்து பாதிக்கு மேலே. ஓட்டப் பந்தயமாக இருந்திருந்தால் இதை நொடிக் கணக்கில் காட்டியிருப்பார்கள், நமக்கும் உடனே புரிந்திருக்கும்.

நம்ம கரையில் என்ன இருக்கு

நான் எழுதுவது நெரவியிலிருந்து. காரைக்கால் கடற்கரை இங்கிருந்து கூப்பிடு தூரம். கிழக்கே முழுக்க வங்கக் கடல். இந்தக் கரையின் மீனவர்களுக்குக் காற்றுக்கென்று தனி அகராதியே உண்டு: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்குப் பக்கமிருந்து கச்சான். ஊருக்கு ஊர் திசை கொஞ்சம் மாறும். தண்ணீரின் ஓட்டத்துக்கு நீவாடு. விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குப் போய், வெயில் ஏறியதும் கடற்காற்றில் திரும்புவது கட்டுமரக் காலத்து வழக்கம். மார்செய்க் கடலில் அத்தனை பெண்களும் தேடிக்கொண்டிருந்தது இதே அறிவைத்தான்: அடுத்த பத்து நிமிஷத்தில் காற்று எந்தப் பக்கம் திரும்பும்?

ரெண்டு விஷயம் அந்த அறிவைப் போட்டிப் படகு வரை போகவிடாமல் தடுத்திருக்கு. ஒண்ணு, பாயே போய்விட்டது. ஃபைபர் படகும் இன்ஜினும் வந்த பிறகு பாய் பிடிக்கிற கை இந்தத் தலைமுறையில் அபூர்வம். பிழைப்புக்கு இன்ஜின்தான் சரி, அதில் குறை சொல்ல ஒண்ணுமில்லை. ரெண்டாவது, அந்த அறிவு அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போனது. மீனவக் குடும்பப் பெண்கள் ஏலம், விற்பனை, கருவாடு, கணக்கு என்று கரையில் பாதித் தொழிலைத் தூக்கிச் சுமக்கிறார்கள். படகில் ஏறுவது மட்டும் வழக்கத்தில் இல்லை. மகாபலிபுரம், கோவளம் பக்கம் மீனவப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் தேசிய அளவுக்கு வந்ததைப் பார்த்தோம். பலகை கையில் கிடைத்ததும் கடலறிவு தானாக விளையாட்டாக மாறியது.

பாய்மரத்துக்கு ஒரு பலகை போதாது. மேலே சொன்ன மாதிரி கூட்டம் வேணும். சென்னையில் அது மெதுவாக உருவாகிக்கொண்டு வருது. 2018 ஜகார்த்தாவில் ஸ்வேதா ஷெர்வேகருடன் வெள்ளி வாங்கிய வர்ஷா கௌதம் சென்னைக்காரர். வேறு பக்கமும் நடக்குது: ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சிறுமியர் இல்கா 4 பிரிவில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசம். அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது. போபால் ஏரியில் ஒரு பயிற்சிக்கூடம், படகுகள், கூட ஓட்டப் பிள்ளைகள், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்திருக்கு.

இதை வைத்துப் பார்த்தால் காரைக்காலுக்கு என்ன தேவை என்பதற்கும் பதில் ஓரளவு தெரியுது. ஒலிம்பிக் வீராங்கனை ஒருத்தரை உருவாக்கும் திட்டமெல்லாம் பிறகு. ஆற்று முகத்துவாரத்தின் அமைதியான தண்ணீரில் பத்துச் சின்னப் படகு, நீச்சல் தெரிந்த பத்துப் பிள்ளைகள், அதில் பாதிப் பேர் பெண்கள், வாரத்துக்கு ரெண்டு நாள். காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆளை வெளியூரிலிருந்து கூட்டிவர வேண்டியதில்லை. பாய் பிடித்த கைகள் சில இன்னும் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கு. அவர்கள் இருக்கும்போதே ஆரம்பித்தால் நல்லது.

அடுத்த ஒலிம்பிக்ஸில் பாய்மரப் போட்டி முடிவு வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். எத்தனாவது இடம் என்பதோடு, எத்தனை படகில், எந்தெந்த ஓட்டத்தில் எத்தனாவது என்பதையும் தேடிப் பாருங்கள். 6, பிறகு 30 என்று இருந்தால் அந்த ஆளுக்கு வேகம் இருக்கு, பழக்கம் போதவில்லை. எல்லாமே 15-க்கும் 20-க்கும் நடுவில் என்றால் அவர் பதக்க ஓட்டத்தின் வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம்.